இரும்பே போடாத குடுவை

"மேடம், மறுபடியும் வரலை."

ஆய்வு மாணவி வைஷாலி சோதனைத் தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் நீட்டினாள். வினை நடந்திருந்தால் புள்ளி தெரிய வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

அவளுடைய மேடம் பிரமீளா அங்கடிக்கு அந்தச் சனிக்கிழமை தங்கப் பதக்கம். மாநில வேதியியலர் பேரவை கொடுப்பது. எங்கள் துறையில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்க ஊரெல்லாம் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போடுகிறார்கள். தங்கத்தைப் போல விலை அதற்கு. அதே வேலையைச் சாதாரண இரும்பு உப்பு செய்யும் என்று அவள் காட்டியிருந்தாள். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓய்வு பெறும் வருஷத்திலாவது வந்ததே என்று துறை முழுக்கப் பேடா தின்றுகொண்டிருந்தோம்.

"உப்புமாவுக்கே உப்புப் போட மறக்கிற பொண்ணு இது," என்றார் அடுத்த ஆய்வகத்துப் பேராசிரியர் சேஷகிரி கட்டி, வாய் நிறையப் பேடாவோடு. "இரும்பைப் போட்டியா, இல்லையா?"

"போட்டேன் சார்!"

"சும்மா இருங்க கட்டி சார்," என்ற பிரமீளா, வைஷாலியிடம் திரும்பினாள். "என்ன மாத்தினே தாயி?"

"ஒண்ணும் மாத்தலை மேடம். காந்தம் மட்டும் புதுசு. ஹுப்பள்ளியிலேர்ந்து நேத்து வந்துதே, அது. பழசெல்லாம் கறுத்து அசிங்கமா இருந்துதுன்னு டப்பாவுல தூக்கிப் போட்டுட்டேன்."

குடுவைக்குள் சுழன்று கலக்குகிற வெள்ளைக் காந்தத் துண்டுகள் அவை. பிரமீளா டப்பாவைக் கவிழ்த்து ஒன்றை எடுத்தாள். ஓரமெல்லாம் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

"சார், இதெல்லாம் உங்க லேப்ல வாங்கினதுதானே?"

"ஆமா. ஓசியில வாங்கிட்டுக் குறை வேற சொல்றீங்களா?"

"உங்க லேப்ல பல்லேடியம் ஓடுது."

கட்டி மெல்லுவதை நிறுத்தினார். "கழுவித்தானே குடுத்தோம்."

"கழுவினா போயிடுமா?"

அவருக்குப் பதில் தெரியும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அக்கா, இன்னிக்கு வியாழன். பதக்கத்தை வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் நிதானமாத் திருத்தம் எழுதிக்கலாம். இப்ப யாரு கேட்டா?"

பிரமீளா அவரைப் பார்க்கவில்லை. "வைஷாலி, பழைய காந்தத்தைப் போட்டு ஓட்டு. இரும்பு போடாதே."

"இரும்பே இல்லாமயா? அப்புறம் எப்படி மேடம் வரும்?"

"வரக் கூடாது. வந்துட்டா, நான் எழுதினது தப்பு."

சாயங்காலம் புள்ளி வந்தது. மங்கலாகக்கூட இல்லை, பளிச்சென்று.

வைஷாலி அழ ஆரம்பித்தாள். "நான் அதை மாத்தாமலே இருந்திருக்கலாம்."

"ஏன் அழறே? நான் செஞ்சிருக்க வேண்டிய சோதனை இது. காந்தம் மேல சந்தேகமே வரலை எனக்கு." சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போனை எடுத்தாள்.

பேரவைச் செயலாளர் பதறுகிற குரல் எங்களுக்கே கேட்டது. "மேடம், அமைச்சர் வர்றார்! மைசூர் தலைப்பாகை வந்தாச்சு, சால்வை வந்தாச்சு, பழக்கூடை வந்தாச்சு..."

"பழத்தைச் சாப்பிட்டுடுங்க சார், அழுகிடும்."

"விளையாடாதீங்க. உங்க பேச்சுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கோம். அந்த நேரத்துக்கு நான் யாரைப் பிடிப்பேன்?"

"அந்த நேரத்தை மட்டும் எனக்குக் குடுங்க. பதக்கம் வேண்டாம்."

சனிக்கிழமை மேடையில் அவளுக்குத் தலைப்பாகையும் கட்டவில்லை, சால்வையும் போர்த்தவில்லை. இரும்பு போடாத குடுவையின் படத்தைப் போட்டாள். "என்னோட இரும்பு ஒண்ணும் செய்யலை. செஞ்சது என் காந்தத்துல ஒட்டியிருந்த பல்லேடியம்," என்று ஆரம்பித்து, எங்கே ஏமாந்தாள் என்பதைப் படிப்படியாகச் சொன்னாள். எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருத்தியை நிமிர்ந்து பார்த்ததில்லை.

பேசி முடித்தாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "மேடம், எங்க லேப்லயும் காந்தம் எல்லாம் கறுப்புத்தான்," என்றார் பரிதாபமாக. அரங்கமே சிரித்தது. அப்புறம் எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த வருஷம் பதக்கம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

திங்கட்கிழமை எங்கள் துறையில், பல்லேடியத்தையும் கரைத்துவிடுகிற ராஜதிராவகத்தின் புகை. ஒவ்வொரு ஆய்வகமும் தன் காந்தங்களை அமிலத்தில் ஊறப்போட வரிசையில் நின்றது. எல்லாருக்கும் முன்னால் கட்டி, தட்டு நிறையக் காந்தத்தோடு.

"எவ்வளவு நேரம் ஊறணும் அக்கா?"

"ராத்திரி பூரா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "செம்பு வெச்சு ஒரு வேலை பண்ணியிருக்கேனே, அதுக்குத்தான் அடுத்த வருஷப் பதக்கத்துக்கு என் பேரை அனுப்பியிருக்காங்க. அதைச் செம்பே போடாம ஒருதரம் ஓட்டிப் பார்த்துடறேன். வர்றது வரட்டும்."

பிரமீளா முதல்முறையாகச் சிரித்தாள். "பாருங்க சார். இப்ப கண்ணாடியை மாட்டிக்கிட்டு உள்ளே வாங்க, புகை வருது."