வாட்ச்மேனுக்கு இரண்டு நாள் லீவு

எங்கள் வீட்டில் யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகவேண்டும் என்று முடிவு செய்கிறவனுக்கு வயது இரண்டேகால். வாசலை விட்டு நகரமாட்டான் என்பதால் வாட்ச்மேன் என்று பெயர் வைத்தேன். அவனைவிட ஏழு நிமிடம் மூத்தவள் அவன் அக்கா. அந்த ஏழு நிமிட அனுபவத்தை வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் அதட்டி வேலை வாங்குவாள். அவள் முதலாளி.

எனக்கு வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். ஊரைச் சுற்றிப் பாலைவனம். கோடையில் வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொதிக்கும்போது நான் உள்ளே மைனஸ் பதினெட்டில், குல்லாயும் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு, உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். பிற்பகல் மூன்று மணி முதல் இரவு பதினொன்று வரை. மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, நோயாளிகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். அவள் கிளம்பும்போது நாங்கள் மூவரும் தூக்கம். நான் திரும்பும்போது அவர்கள் மூவரும் தூக்கம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஒருவருக்கு வார லீவு என்றால் மற்றவர் அன்றைக்கு டபுள் டூட்டி. நாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கண் விழித்த நிலையில் சந்திப்பது பிற்பகல் இரண்டு மணிக்கு, வாசலில், பத்து நிமிடம். அவள் செருப்பைக் கழற்றுவாள், நான் ஷூவை மாட்டுவேன்.

"பால் குடிச்சாங்களா?"

"ஒருத்தி குடிச்சா. ஒருத்தன் துப்பினான்."

"தூங்கினாங்களா?"

"நான்தான் தூங்கினேன்."

அதற்குள் கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிடும்.

பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அம்மா உள்ளே வந்தால் அப்பா வெளியே போகவேண்டும், அதுதான் உலக நடப்பு என்று அவர்களுக்குப் பதிந்துவிட்டது. இரண்டு மணிக்குக் கதவுச் சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் ஓடிப்போய் என் ஷூவைத் தூக்கிக்கொண்டு வருவான். முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ அது. இரண்டு கையாலும் அணைத்து, தொப்பையை முன்னே தள்ளிக்கொண்டு, ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பான். நின்று மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்றுக்குப் போவான். முதலாளி டாட்டா காட்டுவாள். மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பொறுப்பான பையன்" என்று மெச்சினார். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்கும் ஒரு நாள் வினை வந்தது. கிடங்கில் ஏதோ இயந்திரக் கோளாறு, மாலை ஷிஃப்ட் இல்லை என்று போன் வந்தது. கால் மேல் கால் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு மனைவி வந்தாள். ஷூவும் வந்தது.

"அப்பா இன்னைக்குப் போகலடா, செல்லம்."

அவன் என் காலைத் தூக்கி ஷூவுக்குள் திணித்தான். நான் எடுத்துக்கொண்டேன். மறுபடி திணித்தான். முதலாளி என் விரலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்து, "டாட்டா, டாட்டா" என்றாள். பிறகு இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம். மனைவி பிஸ்கட் கொடுத்தாள், பொம்மை கொடுத்தாள், ஒன்றும் எடுபடவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். குழாயை மூடினாற்போல அழுகை நின்றது.

மாடிப்படியில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர்கள் மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுதான் எங்கள் தபால் ஆபீஸ். காலையில் அவள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவாள், மதியம் நான் அதன் கீழே பதில் எழுதுவேன். மறுநாள் சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: "ரெண்டு நாள். நாலு பேரும். எங்கயாவது."

"ஒட்டகச் சவாரி இருக்கிற இடமா?" என்று எழுதினேன்.

"ஒட்டகம் நமக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மறுநாள் பதில்.

"கூடாரத்துல தங்கலாமா?"

"கூடாரத்துக்குப் பூட்டு உண்டா? முதலாளி பாட்டுக்கு நடந்துபோய்ப் பக்கத்து நாட்டுக்கு உத்தரவு போட்டுட்டு வருவா."

இப்படியே இரண்டு வாரம் சீட்டு நீண்டது. கடைசியில் அவளே ஓர் இடம் பிடித்தாள். காரில் ஒன்றேகால் மணி நேரம், மணல் மேடுகளின் அடிவாரத்தில் ஆறே அறைகள் உள்ள சின்ன லாட்ஜ். பால் காய்ச்ச அறையிலேயே அடுப்பு. நம் முழங்கால் அளவு ஆழத்தில் ஒரு நீச்சல் குளம். வெயில் தணிந்த மாதம். மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள் என்பது அவள் திட்டம். ஜன்னலுக்குத் துணி, டயப்பர் இருபத்துநான்கு, தண்ணீர் பன்னிரண்டு லிட்டர், முதலாளியின் அழுக்கு முயல், ஒரே நிறத்தில் இரண்டு கப், இல்லாவிட்டால் போர். எல்லாம் எழுதியிருந்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் துணி?" என்று கீழே கேட்டேன். "இடம் இருந்தா பார்ப்போம்" என்றாள். மாடி வீட்டுக்காரர் காரைக் கொடுத்தார். அவள் கூட வேலை பார்க்கிற அக்கா, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று குழந்தை இருக்கைகள் இரண்டைக் கொடுத்தார்.

"லீவு வாங்கிட்டேன்" என்று ஒரு நாள் சீட்டு. "நானும்" என்று பதில் எழுதினேன்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது லாட்ஜ்காரம்மா போன் செய்தார். "செவ்வாயும் புதனும்தானே சார்? ரூம் தயாரா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் லீவு வாங்கியிருந்தது வியாழனும் வெள்ளியும். மனைவி செவ்வாய், புதன் எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. லேபின் டூட்டி அட்டவணை அதே ஃப்ரிட்ஜில்தான் தொங்கியது. லீவு ஃபாரத்தை நிரப்பும்போது என் கை தானாக அவள் வீட்டில் இருக்கும் நாட்களைத் தாண்டி அடுத்த இரண்டு நாளை எழுதிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்களுக்கு இது வீட்டுக்குத் தொட்டில் வந்தபிறகு வந்த பழக்கம்.

லேபுக்கே போன் போட்டுக் கத்தினேன். "நீ ஏன் சீட்டுல தேதி எழுதல?"

"நீங்க ஏன் கேட்கல?"

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "பிள்ளைங்களைச் சொல்லி என்னங்க? ஒருத்தர் வந்தா ஒருத்தர் போயிடணும்னு நமக்கே ஆயிடுச்சு."

லாட்ஜில் வேறு நாள் கிடையாது. அவள் லீவை மாற்றவும் வழியில்லை. எங்கள் சூப்பர்வைசரிடம் நான்தான் போய் நிற்கவேண்டும். அவருக்கு மைனஸ் என்று பட்டப்பெயர். முகத்தில் எந்நேரமும் பதினெட்டு டிகிரி உறைபனி. ஆறு வருடத்தில் அவரிடம் நான் கெஞ்சியதில்லை, அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"அந்த ரெண்டு நாளும் ஆள் இல்லப்பா" என்றார், தலையைத் தூக்காமல்.

எப்போதும்போல் முறைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். வாட்ச்மேன் என் காலைத் தூக்கித் திணித்தது ஞாபகம் வந்தது. நின்று, ஷூ கதையை முழுக்கச் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததையும் விடவில்லை. அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என் பொண்ணுக்கு இப்ப இருபது வயசு" என்றார் பிறகு. "நான் ஹாலுக்கு வந்தா அவ எழுந்து ரூமுக்குப் போயிடுவா. கோவமெல்லாம் இல்ல. பழகிப்போச்சு." பேனாவை மூடினார். "போயிட்டு வா. ரெண்டு நாளும் உன் இடத்துல நான் நிக்கிறேன். என் சைஸுக்குக் கோட்டு இருக்கான்னு மட்டும் பாரு."

ஐம்பத்தாறு வயது ஆள். ஃப்ரீசருக்குள் காலெடுத்து வைத்துப் பத்து வருடம் இருக்கும். நன்றி என்ற மூன்றெழுத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

செவ்வாய் பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். தூங்கிக்கொண்டு வரவேண்டியவர்கள் ஒன்றேகால் மணி நேரமும் ஊரைக் கூட்டினார்கள். லாட்ஜ் கேட்டுக்குள் வண்டி நுழைந்த நிமிடம் இரண்டு தலையும் சாய்ந்தன. எழுப்ப யாருக்குத் துணிச்சல்? ஏசி ஓட ஓடக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். லாட்ஜ்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார். பின் இருக்கையைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப்போய், இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அந்த அம்மா நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும்.

பக்கத்துப் பக்கத்தில், விழித்துக்கொண்டு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் நாங்கள் உட்கார்ந்து இரண்டு வருடமாகிவிட்டது.

"உங்களுக்கு நரை வந்திருக்கு" என்றாள்.

"எப்போ?"

"தெரியல. வெளிச்சத்துல இப்பதானே பார்க்கிறேன்."

நாற்பது நிமிடம் கழித்து அவர்கள் எழுந்தார்கள். அறைக்குள் போனோம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன்யோசனையாக ஷூவைக் கார் டிக்கியில் ஒளித்துவிட்டு வெறுங்காலோடுதான் வந்திருந்தேன். வாட்ச்மேன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். அறை முழுக்கத் தேடினான். பாத்ரூமில் கிடந்த லாட்ஜ் செருப்பை எடுத்துக்கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். முதலாளியின் கை டாட்டாவுக்கு உயர்ந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவ்வளவு தூரம் வந்தும் அதே கதை. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

"இருங்க" என்று பின்னால் குரல். இரண்டு இடுப்பிலும் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு, கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தாள். "எல்லாருமே போவோம்."

லாட்ஜுக்குப் பின்னால் சுவர் கிடையாது. நேரே மணல். ஒரு மேட்டைத் தாண்டியதும் கட்டடமும் மறைந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டோம். வாட்ச்மேன் விடாமல் என் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். நான்கு பக்கமும் பார்த்தான். கதவு இல்லை. படி இல்லை. என்னை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. செருப்போடு அப்படியே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அதில் மணலை அள்ளி என் பாதத்தில் கொட்டினான். முதலாளிக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "அம்மா, மண்ணு! அம்மா, மண்ணு!" என்று உத்தரவு பறந்தது. பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் சேர்ந்து என்னை இடுப்பு வரை புதைத்துவிட்டார்கள். நான் எங்கே போவது? மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரே கட்டிலில் நாலு பேர். நான் விழித்துவிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. ஒரு சின்னக் கை அந்தப் பக்கம் தட்டி "அம்மா" என்றது. இந்தப் பக்கம் தட்டி "அப்பா" என்றது. மறுபடி அம்மா. மறுபடி அப்பா. நான் அசையாமல் படுத்திருந்தேன். கணக்கு சரியாக இருக்கிறதா என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினோம். இரண்டு மணிக்குக் கதவுச் சத்தம். மனைவி உள்ளே வந்தாள். வாட்ச்மேன் ஹால் நடுவில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நகரவில்லை. நானே போய் ஷூவை எடுத்துவந்தேன். வைத்ததும் அவன் வந்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஹாரன் அடித்தது. அவனைத் தூக்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். முதல் படியிலேயே அழுகை கேட்டது. வேனில் ஏறிப் பார்த்தால் வீட்டு ஜன்னலில் மனைவி நிற்கிறாள். அவள் கையிலிருந்து இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து கத்துகிறான்.

"என்னண்ணே, பையன் இப்படி அழறான்? உடம்பு சரியில்லையா?" என்றான் டிரைவர்.

"நல்லாத்தான் இருக்கான். நான் வேலைக்குப் போறேன்ல, அதான்." அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "நான் போறேன்னுதான் அழறான்."

கோட்டை மாட்டுவதற்கு முன்னால் மைனஸின் அறைக்குப் போனேன். கழுத்தில் துண்டு, முன்னால் வெந்நீர், மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"என்ன ஆச்சு?"

"நான் கிளம்பும்போது பையன் அழுதான் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். துண்டால் மூக்கைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்தார். "உன் ஃப்ரீசர்ல நின்ன சளி" என்றார்.