இறக்கையில் ஒரு பெருவிரல்

இரத்தினம்மாவின் புருஷன் அழகரத்தினத்தைச் சுனாமி கொண்டுபோனபோது, உடலும் கிடைக்கவில்லை, படமும் மிஞ்சவில்லை. வாகரைக் கடலோரத்து வீட்டோடு எல்லாம் போயிற்று. ஊருக்குள் தள்ளியிருந்த கூட்டுறவுக் கடையில், அவர் வேலை பார்த்த மேசையின் லாச்சிக்குள் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் பாதி ஒட்டிய பிளாஸ்டிக் போர் விமானம்.

முன்பு கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒரே அறையில் இருந்த ஏறாவூர் மர்சூக்கிடம் தொற்றிய பழக்கம் அது. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். மர்சூக் நிதானக்காரர், அழகரத்தினத்துக்கு எதிலும் அவசரம். பசை காயுமுன்னே இறக்கையை அழுத்திப் பிடித்துவிட்டார். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்குவது. அவருடைய பெருவிரல் ரேகை சுழி சுழியாக இடது இறக்கையில் பதிந்து இறுகிப்போனது. அவர் உடம்பின் அடையாளம் என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மறுபடி சண்டை வந்து கிபிர் விமானங்கள் வாகரையில் குண்டு போட்ட நாட்களில் பதுங்குகுழிக்குள்ளும் அதைச் சீலைத்துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கண்ணகைக்குப் பொறுக்கவில்லை.

"மேலயும் கிபிர், மடியிலயும் கிபிர்! ஒண்டு காணாதா உனக்கு?"

"இது குண்டு போடாது, அக்கா."

"போடாட்டியும் எனக்குக் காணப் பயமாக் கிடக்கு. மூடு."

ஊரை விட்டு நடந்தபோது சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் சீலையைப் பிரித்து அதை எடுத்தான். இரத்தினம்மா கையை நீட்டியபடி நின்றாள். அவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான், விளங்கவில்லை. பிறகு அவனே சுற்றிக் கொடுத்துவிட்டான்.

முகாம்களில் அடிபட்டு அவள் ஊர் திரும்பியபின், யுத்தம் முடிந்த மாதத்தில் இடது இறக்கை கழன்று விழுந்தது. அதை ஒட்டித் தரச் சொல்லி ஏறாவூருக்கு பஸ் ஏறினாள்.

மர்சூக் விமானத்தைக் கையில் வாங்கியதும் கண் கலங்கினார். "அழகரத்தினத்திட வேலைதான். இஞ்ச பாருங்க அவசரத்த! வெச்சிட்டுப் போங்க தங்கச்சி. சுத்தமா முடிச்சித் தாறன்."

ரேகையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. புருஷனின் விரலை நான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன் என்று இன்னொரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

திரும்பும் பஸ் கிரான் ஊரைத் தாண்டும்போதுதான் மர்சூக்கின் கண்ணாடி அலுமாரி நினைவுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு விமானங்கள், மினுமினுவென்று. ஒன்றில்கூட ஒரு விரல் தடம் இல்லை.

"இறக்கம்! இறக்கம்!" என்று கத்தினாள்.

எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். மர்சூக் ஈரமான சாண்ட் பேப்பரால் இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மர்சூக் நானா, வேணாம்! அது அவர்ர விரல்!"

மர்சூக்கின் கை அப்படியே நின்றது. இறக்கையை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். சுழியின் மேற்பாதி அழிந்திருந்தது. கீழே ஏழெட்டுக் கோடுகள் மட்டும் கிடந்தன.

"அல்லாஹ்... இத முதல்ல அழிக்கிறதுதான் எங்கட வழக்கம், தங்கச்சி. எனக்குப் பிழையாத்தான் தெரிஞ்சிச்சி. நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கப்படாதா?"

"வெக்கமாக் கிடந்திச்சி, நானா."

அவர் சாண்ட் பேப்பரைத் தூர வைத்தார். இரத்தினம்மா இறக்கையை வாங்கி, எஞ்சிய கோடுகளின்மேல் விரலை வைத்தாள். விரல்நுனியில் மெல்ல உரசின.

"கிடக்கு," என்றாள். "இவ்வளவும் காணும் எனக்கு. ஒட்டுங்க."

பெயின்ட் வேண்டாம் என்றுவிட்டாள். அவர் பசை தொட்டு இறக்கையைப் பொருத்தினார். இறுகும்வரை யாராவது பிடித்திருக்க வேண்டும், அவள் பிடித்தாள்.

"உங்கட விரல்ல பசை பட்டிருக்கு," என்றார் மர்சூக். "பரவாயில்ல, உங்கட அடையாளமும் ஒண்டு பக்கத்தில கிடக்கட்டுமே."

"வேணாம், நானா. ரெண்டும் சேர்ந்தா, கண் மங்கின காலத்தில எது அவர்ர எண்டு எனக்குத் தெரியாமப் போயிரும்."

விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, இறக்கையின் ஓரத்தை மட்டும் நகத்தால் பிடித்துக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.