கமில் ஆணா பெண்ணா

நிமலினிக்கும் டிலோனுக்கும் கலியாணம் நிச்சயமாகி, ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோவிலில் கலியாண அறிவித்தலான முதல் ஓலையும் வாசித்து முடிந்த பிறகுதான், அவர்கள் இருவரும் முறைப்படி அண்ணனும் தங்கையும் என்று தெரியவந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது வேறு யாருமில்லை, நிமலினியேதான்.

அது 2003ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்திருந்த காலம். யாழ்ப்பாண நகரத்தில் தெருவுக்குத் தெரு இன்ரநெற் கடைகள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றில் நிமலினிக்கு வேலை. காலையில் ஊர்காவற்றுறையில் பஸ் ஏறி, வேலணை தாண்டி, கடலை ஊடறுத்துப் போகும் பாதையால் நகரத்துக்கு வருவாள். பின்னேரத்தில் ஆட்கள் குறைந்ததும் முதலாளி செல்வரத்தினம் கதிரையில் சாய்ந்து கண்ணயர்வார். அந்த நேரத்தில் கொம்பியூட்டர் அவளுடையது.

அவளுடைய குடும்பத்தில் ஒரு கதை உண்டு. எத்தியேன் என்ற பிரெஞ்சுக்காரன், காரைக்காலில் பெண் எடுத்தவன், தோணி கட்டும் தச்சன், மனைவி பிள்ளைகளோடு தோணியேறி வந்து ஊர்காவற்றுறையிலேயே தங்கிவிட்டானாம். அவன் வழி வந்தவர்கள்தான் தாங்கள் என்று சித்தப்பா மரியநாயகம் கள்ளுக் குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார். அவர் மூக்கைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒருநாள் நிமலினி விளையாட்டாக எத்தியேன், காரைக்கால், யாழ்ப்பாணம் என்று தட்டிப் பார்த்தாள். ஒரு குடும்ப மரம் திறந்தது. ஆண்களுக்கு நீலப் பெட்டி, பெண்களுக்கு ரோசாப் பெட்டி. ஒரு கிளையின் நுனியில் எத்தியேன். அவனுக்குக் கீழே லூயி, கமில் என்று இரண்டு நீலப் பெட்டிகள். அதற்குக் கீழே வெறுமை.

நிமலினி போட்ட கூச்சலில் செல்வரத்தினம் கதிரையோடு சரிந்தார்.

"என்ன பிள்ளை, கரண்ட் அடிச்சிட்டுதோ?"

"இல்லை அண்ணை, பூட்டன் அகப்பட்டிட்டார்!"

மரத்தை வளர்த்தவர் பெயர் ரொசாலி. எத்தியேனின் தமையன் வழி வந்தவர், காரைக்காலில் பிறந்து பிரான்சில் மார்செய் நகரத்தில் வாழும் ஓய்வுபெற்ற தாதி. நிமலினி ஈமெயில் போட்ட மறுநாளே ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: 'அடி என் தங்கமே, இத்தனை வருஷமா நீ எங்கடி இருந்தே? மரத்துல நீயும் எழுதலாம், பாஸ்வேர்டைத் தந்துட்டேன்.'

அன்றிலிருந்து இருவரும் போட்டி போட்டு எழுதினார்கள். அங்கே ரொசாலி பழைய கப்பல் பதிவுகளைத் தேடினார், இங்கே நிமலினி பழங்கதை சொல்லும் வாய்களைத் தேடினாள். லூயியின் கீழே மகன், அவனுக்கு மகன் என்று இறங்கி மரியநாயகத்திலும் நிமலினியிலும் வந்து நின்றது கிளை. செய்தி கரை முழுக்கப் பரவிவிட்டது. மீனோடு வாசலில் வந்து நின்றார்கள் சனங்கள். "பிள்ளை, என்ரை பேரையும் ஒரு கொப்பில போட்டுவிடன். நானும் வெள்ளைக்காரன்தான், வெயில்ல காஞ்சு போனன்." கறுத்துப் பளபளத்த இராயப்பு அப்படிச் சொன்னபோது நிமலினி சிரித்து விக்கல் எடுத்தாள்.

முதல் ஓலை வாசித்த கிழமை, கலியாண அலுவலாக டிலோன் வீட்டுக்குப் போனபோது இந்தக் கதையையும் அவிழ்த்துவிட்டாள். டிலோனின் அத்தை ஜசிந்தா துள்ளி எழும்பினாள். டிலோனுக்குத் தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அவள்தான்.

"கமிலோ? கப்பலோட்டின எங்கட கமில் கப்பித்தானோ? நாங்கள் கமில் கப்பித்தான்ரை பரம்பரையெல்லே! நெடுந்தீவுக் கோவிலடியில அவற்றை கல்லறைக் கல்லு கிடக்குது. செத்தவையின்ரை திருநாளுக்கு வருசா வருசம் மெழுகுதிரி கொளுத்துறனாங்கள்."

நிமலினிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே கடைக்கு எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய், கமிலின் மகன், அவன் மகன் என்று ஜசிந்தா சொல்லச் சொல்லத் தட்டினாள். கடைசியில் டிலோன் என்று போட்டதும் மரம் முழுமையாக விரிந்தது. ஒரு ஓரத்தில் அவள், மறு ஓரத்தில் அவன். எல்லாரும் கைதட்டினார்கள்.

மரியநாயகம் மட்டும் விரலைத் திரையில் வைத்து மேலே போய்க் கீழே வந்தார். மறுபடியும் போய் வந்தார்.

"லூயியும் கமிலும் கூடப்பிறந்த ஆம்பிளையள். அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஆண்வழி." குரல் இறங்கியது. "அண்ணன் தம்பி பிள்ளையளெல்லோ இதுகள்?"

கைதட்டல் நின்றது.

"அப்ப இவள் டிலோனுக்குத் தங்கச்சி," என்றாள் ஜசிந்தா. "ஐயோ மாதாவே, ஓலையும் வாசிச்சாச்சு!"

பங்குச் சுவாமியாரிடம் ஓடினார்கள். இத்தனை தலைமுறைக்கு அப்பால் கோவிலுக்கு ஒரு தடையும் இல்லை என்று அவர் சிரித்தார். ஜசிந்தா சிரிக்கவில்லை. "சுவாமிக்கென்ன, அவர் கலியாணமே கட்டாத மனிசன். முறை பிழைச்ச கலியாணத்துக்கு நான் வரமாட்டன்."

அத்தை இல்லாமல் டிலோன் தாலி கட்டமாட்டான் என்று நிமலினிக்குத் தெரியும். அன்று பின்னேரம் கடற்கரையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அழாதையும், தங்கச்சி," என்றான் டிலோன்.

"இன்னொருக்கா அந்தச் சொல்லைச் சொன்னியளெண்டால் கடலுக்குள்ளை தள்ளுவன்!"

சொன்னான். தள்ளினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் அழுகை போய்விட்டது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். தானே தட்டி, தானே கோடு கீறி, தன் கலியாணத்தைத் தானே குழப்பிவிட்டாள்.

ரொசாலிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பதில் தாமதிக்கவில்லை. 'அடக் கடவுளே, கமிலுக்கு நீலம் போட்டது நான் குருட்டாம்போக்கில செஞ்சதுடி. பேரு மட்டும்தான் கிடைச்சுது. பிரெஞ்சில அந்தப் பேரை ஆம்பளைக்கும் வைப்பாங்க, பொம்பளைக்கும் வைப்பாங்க. கல்லு இருக்குன்னியே, போய்ப் பாரு. பிறந்தங்கிற பிரெஞ்சுச் சொல்லு இங்கிலீஷ் என் (N) எழுத்துல தொடங்கும். அதுக்குப் பின்னால ஈ (E) எழுத்து ஒண்ணு இருந்தா ஆம்பளை, ரெண்டு இருந்தா பொம்பளை.'

நிமலினி அதை வாசித்துக் காட்டியபோது மரியநாயகம் விரல் மடித்தார். "கமில் பெண்ணெண்டால் லூயிக்குச் சகோதரி. அண்ணன்ரை பிள்ளையும் தங்கச்சியின்ரை பிள்ளையும் மச்சான்மார். அவையின்ரை பிள்ளையளும் மச்சான் மச்சாள். கீழ வரைக்கும் அப்பிடித்தான். எடியே, முறைப் பெடியனெல்லோ!"

"கப்பித்தான் பெண்ணோ?" ஜசிந்தா பொங்கினாள். "என்ரை கண்ணால பாக்காமல் நம்பமாட்டன்."

ஞாயிறு பூசை முடிய நால்வரும் புறப்பட்டார்கள். குறிகட்டுவானில் கடற்படையின் சோதனை முடிந்து படகேறினால், கடல் அன்று நல்ல குணத்தில் இல்லை. ஜசிந்தா ஒரு கையால் செபமாலையையும் மறுகையால் நிமலினியின் தோளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "நீ அவனுக்குத் தங்கச்சியெண்டாலும் பரவாயில்லை, இப்ப என்னை விட்டிடாதை!"

நெடுந்தீவில் ஒரு உழவு மெசினின் பெட்டியில் ஏறி, கல்வேலிகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிக் கோவிலடிக்குப் போனார்கள். கல் பின்புறத்தில் கிடந்தது. ஆனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பல தலைமுறையாக ஏற்றிய மெழுகுதிரி உருகி உருகிக் கல்லின் மேல் தடித்த தோலாகப் படிந்திருந்தது.

மரியநாயகம் மீன் வெட்டும் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

"மெல்ல அண்ணை, கப்பித்தான்ரை முகத்தில கீறாதேங்கோ!" என்றாள் ஜசிந்தா.

முதலில் பெயர் வந்தது. கமில். பிறகு என். பிறகு ஒரு ஈ. அதற்கு அடுத்த இடத்தில் விரல் தடிப்புக்கு மெழுகு. டிலோன் நிமலினியின் கையைப் பிடித்தான். ஜசிந்தா கண்டும் காணாதவள்போல இருந்தாள். கத்தி போதவில்லை. மரியநாயகம் நகத்தால் கிண்டினார். கட்டி அப்படியே கழன்று தெறித்தது.

"ஈ!" நிமலினி வீரிட்டாள். "ரெண்டாவது ஈ! ரெண்டு ஈ!"

மரியநாயகம் கத்தியோடு ஆட, டிலோன் நிமலினியைத் தூக்கிச் சுற்ற, வேலிக்கு அப்பால் மேய்ந்த குதிரைகள் மிரண்டு ஓடின. ஜசிந்தா மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அவளுக்குப் பயந்து அடங்கினார்கள்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார்கள். சிரிப்பு. நிற்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டாள். "எங்கட அப்பு, அவற்றை அப்பு... எல்லாரும் ஒரு பொம்பிளைக்கு முன்னால முழங்காலில நிண்டு, கப்பித்தானே, கடலில எங்களைக் காப்பாத்தும் எண்டு கேட்டவை!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைத் தடவினாள். "காப்பாத்தினவவும்தான். ஆச்சி, கோவிக்காதேங்கோ." பிறகு நிமலினியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து உச்சி மோந்தாள். "வாடி மருமோளே."

அடுத்த நாள் கமிலின் பெட்டி ரோசா நிறமானது. ரொசாலி தொலைபேசியில் கத்தியது செல்வரத்தினத்துக்கும் கேட்டது.

கலியாணத்துக்கு ரொசாலி கொழும்பு வழியாக வந்து இறங்கினார், குண்டாக, கறுப்புக் கண்ணாடியோடு. கோவிலில் இருந்து பந்திக்குப் போகும் வழியில் கண்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்து, "நீ யாரு பெத்த பிள்ளை?" என்று கேட்டார். அவருக்கு உறவே இல்லாத வேலணை ஆட்கள்கூட ஏதோ ஒரு உறவு சொன்னார்கள். கணவாய்க் கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கியதும் ஜசிந்தாவும் அவரும் சேலையைச் சொருகிக்கொண்டு நடுவில் இறங்கினார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆட இடமில்லாமல் சுவரோரம் ஒதுங்கி நின்று, ஒரு கிளாஸ் சர்பத்தை இருவருமாக மாறி மாறிக் குடித்தார்கள்.