சுல்மீராவின் வெளுத்த துவையல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னதே சுல்மீரா ஃபோன்டெஸ்தான். பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வேர்ஹாம் தபால் நிலையத்தில் நான் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஜன்னலில், நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகளுக்கு அனுப்ப வேண்டிய பொட்டலத்தைத் தராசில் வைத்தபடி சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர்.

"நீ உங்க பாஷையில கதை எழுதுவியாமே? இதை எழுது. ஆனா ரெண்டு விஷயம். நான் அழுத மாதிரி எழுதக் கூடாது. லோத்ரப்பைக் கெட்டவரா ஆக்கக் கூடாது."

"நிஜமாவே அழலையா?"

"நான் என்ன வெங்காயமா அரைச்சேன்? கிரான்பெரிடி."

ஆறு பேரும் சிரித்தார்கள். நான் பொட்டலத்தில் முத்திரை குத்தினேன். கதை எழுதுகிறவளிடமிருந்து கண்ணீரையும் வில்லனையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனேன். ஒரு கிண்ணம் இருந்தது.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் முழுவதும் குளிர் எட்டிப் பார்க்கவே இல்லை, வானம் அவளை வஞ்சி—" நிறுத்திவிட்டேன். வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "கேப் வெர்டித் தீவிலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத் தாத்தா மண்டியிட்டுப் பழம் பறித்த அதே மண்ணில், இன்று—" இதை அவளிடம் படித்துக் காட்டினேன். என் தமிழை அவளுக்காக வரி வரியாக மாற்றிச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"எங்க கொள்ளுத் தாத்தா மீன் பிடிச்சவர். அந்தாளு ஒரு பழம் பறிச்சதில்ல. மண்டி போட்டுக் களை பிடுங்கினது நான். என்னைப் போடு."

ஆகவே அவளைப் போடுகிறேன். சுல்மீராவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வில்ஃபிரட் லோத்ரப்பின் கிரான்பெரி வயலில், அந்தப் புளிப்புச் சிவப்புப் பழக் கொடிகளுக்கு நடுவே, இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அவருக்கு முட்டி போய்விட்டதால் போன வசந்தத்தில் மேற்குக் கோடியில் நாலு ஏக்கரை அவளுக்கு விற்றார். அவள் குடும்பத்தில் வயலுக்குச் சொந்தக்காரி என்று இதுவரை யாரும் இருந்ததில்லை. இந்த இலையுதிர் காலம் அவளுடைய முதல் அறுவடை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு மதியம் எங்கள் ஊர்ச் சர்ச் கூடத்தில் வயல்காரர்களின் விருந்து நடக்கும். வான்கோழி பொதுச் செலவு. ஒவ்வொரு வயல்காரரும் தன் வயலில் விளைந்த பழத்தை அடுப்பில் ஏற்றாமல் பச்சையாக அரைத்து ஒரு கிண்ணம் கொண்டுவர வேண்டும். கிண்ணத்துக்கு முன்னால் ஒரு அட்டை. அதில் வயலின் பெயர்.*

இருபத்தாறு வருடமாக "லோத்ரப் வயல்" என்ற அட்டைக்குப் பின்னால் இருந்த கிண்ணம் சுல்மீரா அரைத்தது. அது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

(* இதற்கு இங்கே வேறு பெயர் உண்டு. நான் துவையல் என்றுதான் எழுதப்போகிறேன். அடுப்பேறாமல் பச்சையாக அரைத்ததை வேறு எப்படிச் சொல்வது?)

3

அக்டோபரில் குளிர் வந்தால்தான் பழம் சிவக்கும். இந்த வருடம் வரவில்லை. பெரிய வயல்காரர்கள் காத்திருந்து பாதியாவது சிவக்கவைத்தார்கள். மேற்குக் கோடி மரங்களின் நிழலில் இருக்கிறது. அங்கே வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. சுல்மீராவின் பழம் தந்தத்தின் நிறத்தில், கன்னத்தில் மட்டும் லேசாக ரோஸ் தீற்றியதுபோல் நின்றுவிட்டது. பழம் வாங்க வந்த ஆள் மூன்று பெட்டியைத் திறந்து பார்த்து, மூன்றையும் மூடிவைத்தார். சாறு பிழிகிறவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெட்டியை மட்டும் அவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

விருந்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை லோத்ரப்பின் பழைய லாரி அவள் வாசலில் நின்றது. பின்னால் இரண்டு பெட்டி, ரத்தச் சிவப்பு.

"எடுத்துக்கோ சுல்மீரா. நீ வளர்த்த கொடியில காய்ச்சதுதானே. உன்னோடதும்தான்."

[இந்த இடத்தில் அவரை ஓரக் கண்ணால் சிரிக்கவைத்தேன். பிறகு அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன். அவர் அன்பாகத்தான் சொன்னார். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்தியிருக்கலாம்.]

அவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"பெட்டி லாரியிலேயே இருக்கட்டும் மிஸ்டர் லோத்ரப்."

"வெளுத்ததையா வைக்கப் போறே?"

"என் வயல்ல அதுதான் காய்ச்சுது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ என் கிண்ணத்தை யாரு அரைக்கிறது?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. அவரும் அந்த நிமிடம்வரை யோசித்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்ததாம்.

"ஆரஞ்சைத் தோலோட போடுங்க. விதையை மட்டும் எடுத்துடுங்க. மறந்துடாதீங்க" என்றாள்.

4

சனிக்கிழமை. "கதவிடுக்கில் கசிந்த இருளில் அவள் தனியாக அரைத்துக்கொண்டி—"

"யாரு இருட்டுல அரைப்பா? காலையில பதினோரு மணி. அடெலீனோ மேசையைப் பிடிச்சுக்கிட்டான்."

சரி. காலை பதினோரு மணி. மேசை விளிம்பில் திருகி மாட்டிய கை அரவை எந்திரம். அண்ணன் அடெலீனோ மேசை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் சும்மா வைத்திருக்கவில்லை.

"ஒரு பீட்ரூட்டைப் போட்டுச் சுத்து. எல்லாம் செவந்துடும். எவனுக்குத் தெரியப்போகுது?"

"அப்புறம் அட்டையில பீட்ரூட் வயல்னு எழுதணும்."

"கிழவரு பெட்டியைக் கொண்டாந்து காலடியில வைக்கிறாரு, மகாராணிக்கு அது வேண்டாம்."

"மேசையைப் பிடிடா. ஆடுது."

நாலு கை பழத்துக்கு ஒரு ஆரஞ்சு. ஆரஞ்சை வெட்டி, விதை நீக்கி, தோலோடு பழத்தோடு சேர்த்து எந்திரத்தில் விட்டுச் சுற்ற வேண்டும். பழம் ஒவ்வொன்றும் படக் படக்கென்று வெடிக்கும். திருகாணி வழியாகச் சாறு சொட்டும். கீழே ஒரு கிண்ணம் வைக்காவிட்டால் தரை முழுக்க ஒட்டும். கடைசியில் சீனி சேர்த்துக் கிளறி, மறுநாள்வரை குளிரில் வைத்தால் சீனி கரைந்து சாறு ஊறி நிற்கும். அவ்வளவுதான். தீ கிடையாது. அதனால் எதையும் மறைக்கவும் முடியாது: பழம் எப்படியோ துவையல் அப்படி.

சீனி போடும் முன் அவள் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தாள். இன்னொரு விரல் எடுத்தாள். அளந்துவைத்த சீனியில் கொஞ்சத்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

மூன்றாம் முறை படித்துக் காட்டியபோதுதான் அவள் இதைச் சொன்னாள்: அடெலீனோ போன பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாளாம். லோத்ரப் வீட்டுக்கு, அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்கிவர. காரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எந்திரத்தைக் கழுவாமல் வந்துவிட்டது ஞாபகம் வந்து உள்ளே போனாள். கழுவி முடித்தபோது போகத் தோன்றவில்லை.

"இதை எழுதட்டுமா?"

அவள் யோசித்தாள். "எழுது. பத்து நிமிஷம்னு போடு. பதினைஞ்சுன்னு நீட்டாதே."

5

ஞாயிறு மதியம் நானும் கூடத்தில் இருந்தேன். அதனால் இங்கே எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

வான்கோழிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புக் கிண்ணங்கள். பத்தாவதாக சுல்மீரா தன் கிண்ணத்தை வைத்து, கோட்டைக் கழற்றி மாட்டப் போனாள். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. மேசை அடுக்கும் அம்மாள் ஒருத்தி அதைக் கோஸ் சாலட் என்று நினைத்துக் கூடத்தின் மறுகோடியில் ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். அட்டையோடுதான் வைத்திருந்தாள், படிக்கவில்லை.

சுல்மீரா கூடத்தின் நீளம் முழுக்க நடந்தாள். கிண்ணம் பெரியது, இரண்டு கையும் வேண்டும். ஆகவே அட்டையை மோவாய்க்குக் கீழே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடி, மேசைகளில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரின் நடுவே திரும்பி நடந்துவந்தாள். பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

"சுல்மீரா, அது கோஸ் இல்லையா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"கிரான்பெரி. என் வயலோடது." கிண்ணத்தை வைத்து, அட்டையை நிமிர்த்தி நிறுத்தினாள். "இந்த வருஷம் இப்படித்தான் காய்ச்சுது. அடுத்த வருஷம் செவக்கலாம், செவக்காமலும் போகலாம். எப்படிக் காய்ச்சாலும் இங்கதான் வைப்பேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. [இந்த மௌனத்தை ஒரு பத்தி நீட்டியிருந்தேன். வெட்டிவிட்டேன். உண்மையில் ஒருவர் இருமும் நேரம்தான்.]

லோத்ரப் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நொண்டி நொண்டி வந்து இரண்டு கரண்டி அள்ளிக்கொண்டு, நின்றபடியே தின்றார். மென்றார். கூடமே அவர் தாடையைப் பார்த்தது.

"சீனி எவ்வளவு போட்டே?"

"எப்பவும் போடறதைவிடக் குறைச்சு."

"ஏன்?"

"வெளுத்த பழத்துல புளிப்பு கம்மி. அதே அளவு போட்டா சீனிதான் தெரியும். பழம் தெரியாது."

அவர் இன்னொரு வாய் எடுத்தார். "ம். பழம் தெரியுது."

இருபத்தாறு வருடமாக அவர் சொல்ல, அவள் செய்தாள். ஏன் என்று அவர் அவளைக் கேட்டது அன்றுதான் முதல் முறை. அவள் நின்ற நிலையை நான் எப்படி எழுதுவேன்? தோள் அகன்று, ஏப்ரனைக்கூடக் கழற்ற மறந்து, ஊர்வலத்தில் கொடி பிடித்தவள்போல். வேண்டாம், கொடி வேண்டாம். சுல்மீரா தன் கிண்ணத்துக்குப் பின்னால் நின்றாள். அதுவே போதும்.

பிறகு அவள் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். ஏதோ கடக்கென்றது.

"மிஸ்டர் லோத்ரப். விதை."

"எடுத்தேனே" என்றார் அவர். "கொஞ்சம் எடுத்தேன்."

கூடம் சிரித்த சிரிப்பில் வான்கோழி வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள்.

ஒரு வரைவில் கிண்ணத்தைக் காலியாக்கினேன். அது பொய். சிலர் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். சிலர் இரண்டாம் முறை வந்தார்கள். பாதிக்குமேல் போனது. மிச்சத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய், அடெலீனோ அவரைக்கொட்டை போட்டுக் கிளறிய சோற்றோடு மூன்று நாள் தின்றாள்.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தில், நல்ல வெயிலில், லோத்ரப் இன்னொன்று கேட்டார். மீதிப் பதினாலு ஏக்கர் இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் மகன் வரப்போவதில்லை. "நீ எடுத்து நடத்துறியா?"

அவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் அவள் சரி என்கிறாள். "பேராசைக்காரி மாதிரி இருக்கேன்" என்றாள். இரண்டாவதில் நாலு ஏக்கர் போதும் என்கிறாள். "பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்கேன்." மூன்றாவதில் அவள் வயலை எடுத்துக்கொண்டு லோத்ரப்பைச் சம்பளத்துக்குக் களை பிடுங்கவைக்கிறாள். அதற்கு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நானே இன்னும் முடிவு பண்ணலை. என்னை முந்திக்கிட்டு நீ எப்படிடி எழுதுவே?"

மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

இப்போது ஜனவரி. குளிர்காலத்துக்காக வயல்களில் நீர் கட்டி, அது உறைந்து கிடக்கிறது. பனிக்கட்டி கெட்டியான பிறகு அதன்மேல் மணல் பரப்புவார்கள். உருகும்போது மணல் இறங்கிக் கொடியின் வேருக்குப் போகும். இன்று காலை சுல்மீரா தபால்தலை வாங்க வந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் லோத்ரப்.

"பனி கெட்டியாயிடுச்சு சுல்மீரா. மணல் போட்டுடலாமா?"

அவள் திரும்பாமலே தபால்தலையை எண்ணி வாங்கினாள்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க."

"சரி" என்றார் லோத்ரப்.

எந்த வயலுக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு வரிசை நீளமாக இருந்தது. நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.