ஒரு முறைதான் கேட்டாள்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க, பேனர் மறையுது" என்று சொன்னபோது வார்தினிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகக்கவசத்துக்குள் இருமியபடி போட்டோவுக்கு நின்றாள். போட்டோ இல்லையென்றால் அரிசி இல்லை. கிராம அலுவலகத்தின் உத்தரவு அப்படி. ஐயா, அம்மா என்பதற்கு ஜாவாவில் பாக், இபு என்பார்கள்; தெருத்தலைவர் பாக் ஜுமாதி பக்கத்தில் மூங்கில் கழியில் பேனரைத் தூக்கிப் பிடித்திருந்தார். அக்கம்பக்கத்தை நாமே காப்போம் என்று அதில் பச்சை எழுத்தில் இருந்தது. அந்த வார அரிசிப் பட்டியலில் ஒன்பது பேர். அதில் இரண்டு பேரைப் புதைத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. ஊரடங்கில் நூடுல்ஸ் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் வார்தினியின் புருஷன் பெயர் அதில் இல்லை.

"செத்தவனுக்கும் அரிசி அனுப்புறான் பாரு, அங்க போய் பொங்கித் தின்னுவான்னு நெனச்சுட்டானுங்க போல" என்றார் பாக் ஜுமாதி. வார்தினி சிரிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தால் அது அழுகையில்தான் போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் ரத்மி போன் பண்ணினாள். இரண்டு சந்து தள்ளி இருக்கும் தம்பி நுக்ரோஹோவின் மனைவி. "அக்கா, இவரு உதடெல்லாம் ஒரு மாதிரி நீலமா இருக்கு. கூப்பிட்டா முழிக்கிறாரு, பேச மாட்டேங்கிறாரு. நீங்க வாங்க, சீக்கிரம் வாங்க." வார்தினி பேனரையும் அரிசியையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அந்தத் தெருவுக்கே அவள்தான் சுகாதாரத் தொண்டர். பதினாறு வருடமாகக் குழந்தைகளை எடை பார்த்து, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள். மாதச் சம்பளம் கிடையாது, வருடத்துக்கு ஒரு சீருடைத் துணி உண்டு. இப்போது அவள் சட்டைப்பையில் விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. நாற்பத்தொரு வீட்டுக்கும் அது ஒன்றுதான். அதைத் தம்பியின் விரலில் மாட்டினாள். எண்பத்தைந்து. தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கருவியைக் கழற்றித் துடைத்து அடுத்த விரலில் மாட்டினாள். எண்பத்துநான்கு. முப்பத்துநாலு வயது, பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, யார் யாருக்கோ பசியாற்றுவதற்காக வெளியே அலைந்து வாங்கிவந்த நோய் அது. அடுத்த அறையில் இரண்டு பிள்ளைகளும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

க்ளாத்தென் நகரில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் போன் போட்டாள். ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில் எடுத்த பெண், "கார் நிறுத்துற எடத்துல கூடாரம் போட்டிருக்கோம் இபு, அதுலயும் எடமில்ல. கொண்டு வந்தீங்கன்னா வண்டிக்குள்ளயே வச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். ஆக்சிஜன் நீங்களே கொண்டு வரணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. அன்றைக்கு அதை எத்தனை பேருக்குச் சொன்னாளோ. அரசாங்க எண்ணுக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல் பேசியது. வார்தினி எதையும் அழுத்தவில்லை.

தெருவில் ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தினத்துக்கு சாக்குப்பை ஓட்டம், வழுக்குமரம், கோழிச்சோறு என்று வருடம் முழுக்கச் சேர்த்த பணத்தை மொத்தமாகப் போட்டு வாங்கியது. கொண்டாட்டத்தைத்தான் அரசு தடை செய்துவிட்டதே, பணத்தை வைத்து என்ன செய்ய? சோலோ நகரம் வரை போய்ப் பத்து மணி நேரம் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று கூட்டம் போட்டு ஒரு விதியும் வைத்தார்கள். அளவு குறைந்தவருக்குக் கொடு. தேறினாற்போல் இருந்தால் குழாயை எடுத்துவிட்டு அரை மணி நேரம் பார். அதற்கப்புறமும் தொண்ணூற்று நாலுக்கு மேல் நின்றால்தான் அடுத்தவருக்கு. எல்லோரும் தலையாட்டிய அந்த விதியை முன்மொழிந்தவளே வார்தினிதான்.

சிலிண்டர் இப்போது பாக் காஸிமான் வீட்டில் இருந்தது. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் போல இங்கிதம் பார்க்கிற மனிதரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் காண முடியாது. ஜாவாக்காரர்கள் எல்லோருமே எதையும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். தேநீர் வேண்டுமா என்றால் வேண்டாம். கொஞ்சம் குடியுங்களேன் என்றால் ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம். மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான் கோப்பையைக் கையில் வாங்குவார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். பாக் காஸிமானோ அதிலும் ஒரு படி மேலே. நான்கு நாளைக்கு முன்னால் தொண்ணூறுக்கு வந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும், சிலிண்டரைப் பார்த்து, "எனக்கெதுக்கும்மா, வேற யாருக்காவது குடேன்" என்றவர். வார்தினி அன்று விடாமல் மூன்று தடவை கெஞ்சி, நாலாவது தடவை அதட்டி, மூக்கில் குழாயை மாட்டிவிட்டாள்.

இன்று அவள் போனபோது அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அவர் மனைவி இபு துகிராவும் காய்ச்சலோடுதான் இருந்தாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்து கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வார்தினி கருவியை மாட்டினாள். தொண்ணூற்றைந்து. ஆனால் அது குழாயோடு சேர்ந்த தொண்ணூற்றைந்து. அதை அவள் நூறு பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

"பரவாயில்லையே பாக்" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்கேம்மா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று எடுத்தார். "உன் தம்பிக்கு முடியலன்னு ஜன்னல் வழியா பேசிக்கிட்டாங்க. ரொம்ப மோசமா?"

"எண்பத்துநாலு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கொண்டுபோம்மா. சின்னப் பையன். எனக்கு இது போதும்."

"உங்களுக்கு வேணாமா பாக்?"

"வேண்டாம்மா."

தள்ளுவண்டியோடு அவள் பின்னால் வந்து வாசலில் நின்ற பாக் ஜுமாதி தொண்டையைச் செருமினார். "குழாய எடுத்துட்டு அரை மணி நேரம் பாக்க வேணாமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அவரே சொல்றாரே" என்றாள் வார்தினி.

அவ்வளவுதான். இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான் கேட்கவில்லை. குழாயைக் கழற்றும்போது அவருடைய கை தானாகக் கொஞ்சம் மேலே எழும்பியது. அவர் அதை அடக்கி, போர்வைக்குள் வைத்துக்கொண்டார். பாவி, அதையும் பார்த்துவிட்டுத்தான் அவள் சிலிண்டரின் வால்வை மூடினாள். அவளும் பாக் ஜுமாதியுமாகச் சிலிண்டரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். இபு துகிரா விசிறிக்கொண்டே, "வெயில்ல போறீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வார்தினி வண்டியைத் தள்ளினாள்.

நுக்ரோஹோவுக்குக் கால் மணி நேரத்தில் எண்பத்தொன்பது, ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்று மூன்று. உதடு நிறம் மாறியது. தண்ணீர் கேட்டான். ரத்மி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வார்தினிக்கும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அன்று மத்தியானம் அவளைப் போலச் சந்தோஷப்பட்டவள் அந்தக் கிராமத்திலேயே இல்லை. கருவியை எடுத்துக்கொண்டு பாக் காஸிமான் வீட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள். போனால் கருவி ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தபிறகு என்ன செய்வது?

நான்கு மணிக்கு மசூதி ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த ஜூலையில் தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் அந்தக் கரகரப்புக் கேட்டால் ஊரே கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்கும். இன்னாலில்லாஹி என்று தொடங்கி, ரயில்வேயில் பணியாற்றிய காஸிமான் என்று பெயரைச் சொன்னபோது ரத்மி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்மி சிலிண்டர் இருந்த அறையின் கதவைச் சாத்தினாள்.

வெள்ளை உடுப்புப் போட்ட தன்னார்வலர்கள் ஆறு பேர் வந்து இருட்டுவதற்குள் புதைத்துவிட்டார்கள். யாரும் கிட்டே போகக்கூடாது என்பது விதி. அந்த விதியை எல்லோரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

மறுநாள் காலை வார்தினி தள்ளுவண்டியில் கஞ்சியும் அரிசிப் பையும் எடுத்துக்கொண்டு போனாள். பாக் ஜுமாதியைக் கூப்பிடவில்லை, பேனரையும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தவர்கள் வேலியில் கீரையும் முட்டையும் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றையும் யாரும் உள்ளே எடுத்திருக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இபு துகிரா உட்கார்ந்திருந்தாள். ஒரே இரவில் முகம் பாதியாகியிருந்தது. என்னைத் திட்டட்டும், செருப்பைத் தூக்கி அடிக்கட்டும் என்று வார்தினி வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்றாள் இபு துகிரா.

வார்தினி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லவேளை. அவரு அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில பேச முடியல. கையால கேட்டாரு."

"கைய நீட்டுங்க இபு" என்றாள் வார்தினி. கம்பிகளுக்கு நடுவே வந்த விரல் குளிர்ந்திருந்தது. தேய்த்துச் சூடாக்கிக் கருவியை மாட்டினாள். எண் ஓடி ஓடி நின்றது. எண்பத்தெட்டு. கழற்றி மறுபடி மாட்டினாள். எண்பத்தெட்டு. தம்பிக்குக் காலையில் குழாயோடு தொண்ணூற்று மூன்று. குழாயை எடுத்தால் எங்கே போய் நிற்குமோ. எண்பத்தேழா, தொண்ணூறா? அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

"சிலிண்டர கொண்டாரட்டுமா இபு?"

"வேண்டாம்மா. எனக்கெதுக்கு."

வார்தினி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படியே திரும்பி நடந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. எதிரே இருப்பவளும் சொல்லமாட்டாள்.

"கொண்டாரேன் இபு" என்றாள்.

"உனக்கெதுக்கு சிரமம். அந்தப் பிள்ளைங்க சின்னதுங்க."

"கொண்டாரேன்."

இபு துகிரா குனிந்து, கருவியிலிருந்து விடுபட்ட விரலை மறுகையால் பொத்திக்கொண்டாள். அவள் மறுக்கவில்லை.

வார்தினி கஞ்சியையும் அரிசியையும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். இரண்டு சந்துதான். பாரமில்லாத வண்டி கல்லிலும் குழியிலும் தடதடவென்று சத்தம் போட்டது. சத்தம் கேட்டு ரத்மி வாசலுக்கு வந்தாள். வண்டியில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் ஊன்றி, கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.