இருமல் நிபுணர்

தொலைபேசியில் ஒருவன் இருமுவதைக் கேட்டே, அது நோயா நடிப்பா என்று தவறாமல் சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் என் அப்பா. மருத்துவர்கள் மார்பில் குழாய் வைத்துத் தடுமாறுவதை அவர் ரிசீவரைக் காதில் வைத்தே முடித்துவிடுவார்.

ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவை ஆலையில் அவர் மேற்பார்வையாளர். அங்கே உடம்பு முடியாதவர் ஷிப்டு தொடங்குவதற்கு முன் தானே போன் பண்ணி, தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் லீவுக்குச் சம்பளம் உண்டு. நோய் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். வீட்டில் வேறு யார் படுத்தாலும் அது சம்பளமில்லாத லீவு.

போனை எடுப்பவர் அப்பா. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசு" என்பார். நடிப்பவனுக்கு உடனே தொண்டை சரியாகிவிடுமாம். மெய்யான நோயாளிக்கு இருமல் இன்னும் கூடுமாம். சாப்பாட்டு மேசையில் எல்லாருடைய குரலிலும் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். ஆலையின் இஸ்திரிக்காரர் ஒருவரின் குரல்தான் அவருடைய தலைசிறந்த படைப்பு.

"'அண்ணே... ராத்திரி முழுக்க ஜுரம்ண்ணே...' 'பின்னாடி யாருய்யா அழுவுறது?' 'டிவிண்ணே.' 'டிவி எதுக்குய்யா அப்பா தண்ணின்னு கேக்குது?'"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு யாரு தண்ணி குடுத்தா?"

"அதுக்குத்தான் சம்பளமில்லாத லீவு இருக்கே."

"அப்போ புள்ளைக்குக் காய்ச்சல்னா புள்ளையே வேலைக்குச் சேர்ந்து போன் பண்ணணுமா?"

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த வருடம் அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்கே, நோய் லீவு தவிர அப்பாவின் லீவெல்லாம் கரைந்தது. மருந்துக்கு வழி அவருடைய சம்பளம் ஒன்றுதான் என்பதால், ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் பகலெல்லாம் நான் இருந்தேன். வேலை முடிந்து சோப்பு வாசனையோடு அப்பா வந்து இரவு தங்குவார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, கூடவே இருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்த ஏற்பாடே நடந்தது.

ஒரு காலை, அப்பா கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போகாதீங்க" என்றாள் அம்மா. அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"இவன் இருக்கான்ல?"

"இவன் ஜோக் அடிப்பான். சிரிச்சா வலிக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நானும் அன்று ஜோக் எதுவும் கைவசம் இல்லாமல்தான் நின்றிருந்தேன். "வேணும்னா ஆலைக்குப் போன் பண்ணி நான் உங்க குரல்ல பேசிடறேம்ப்பா" என்றேன்.

"சும்மா இருடா."

வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று போன் பண்ணினார். பழைய போன். எதிர்முனையில் பேசுவது வாசல்வரை கேட்கும். அப்பா அங்கே இல்லாததால் எடுத்தவர் இரவு ஷிப்டு மேற்பார்வையாளர்.

"சொல்லுங்கண்ணே. அண்ணி எப்படி இருக்காங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு இருமினார். படுமோசமான இருமல். வேறு யாராவது அப்படி இருமி அப்பா கேட்டிருந்தால் அந்த ஆளை அங்கேயே மடக்கியிருப்பார்.

"எனக்குத்தாம்ப்பா... உடம்பு முடியல."

அந்தப் பக்கம் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரிண்ணே. உங்களுக்குத்தான் உடம்பு முடியலன்னு எழுதிக்கிறேன்."

அப்பா உள்ளே வந்து, போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டைத் துடைத்தார்.