பனை உத்தரத்துக் கொக்கி

தை பிறந்த நான்காம் நாள் காலையில் நாறும்பூநாத ஆசாரி சீவலப்பேரியிலிருந்து நடந்தே பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். தோளில் கருவிப் பை. கையில் துணி சுற்றிய நீளமான இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை கொக்கியாக வளைந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் வந்து தொங்கு விளக்கை மாட்டித் தருவதாகப் புரட்டாசியிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அதன்படி வந்தார். இடையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

கதவைத் திறந்தவர் ஜெபசீலன். அச்சுக்கூடம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை. வயது முப்பத்தைந்துதான். தாடி மழிக்காமல், கண்கள் உள்ளே போய், யாரோ மாதிரி நின்றார்.

"என்ன ஐயா, மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஆசாரி பையை இறக்கினார். "கொக்கி நல்லா அமைஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க. கொல்லன் ரெண்டு தடவை காய்ச்சி அடிச்சான். பாப்பா எங்கன? அன்னைக்குப் பூரா என் காலுக்குள்ளயே நின்னு, விளக்கு எப்ப மாட்டுவீரு, எப்ப மாட்டுவீருன்னு கேட்டுக்கிட்டே கிடந்துச்சே."

"சாலோமி இல்ல, ஆசாரியாரே."

"மாமா வீட்டுக்குப் போயிருக்கோ?"

"செத்துப் போயிட்டா. கிறிஸ்துமஸுக்கு நாலு நாளைக்கு முன்னால. மேசை விளக்கு சரிஞ்சு, பாவாடையில தீப் பிடிச்சிட்டு."

ஆசாரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சத்தம் போட்டது. உள் அறையில் படுத்திருந்த ஜெபசீலனின் மனைவி கெசியாவுக்கு அது கேட்டிருக்கும். அவள் வெளியே வரவில்லை.

அந்தத் தொங்கு விளக்கு ஆவணியில் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்கராக இருந்த கெசியாவின் அண்ணன் சாலமோன், கப்பலில் வந்த சீமைச் சாமான்களிலிருந்து அதை வாங்கி, வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பித்தளை எண்ணெய்க் கிண்ணம், பால் வெள்ளையில் பீங்கான் மூடி, நீளச் சங்கிலி. ஜெபசீலன் வீட்டிலும் அச்சுத் தாள்களை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார் என்று சாலமோனுக்குக் கவலை. கெசியாவின் கவலை வேறு. "இது ஒரு இடத்துல நிக்காத பிள்ளை. விளக்கு கைக்கு எட்டாம மேல இருந்தா எனக்குப் பயம் இல்ல" என்றாள்.

புரட்டாசியில் ஆசாரி வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். பனை உத்தரம். "வெளியதான் வைரம், உள்ள மெத்துன்னு வெறும் சோறு. ஆணி அடிச்சா நாளைக்கு நெகிழ்ந்துரும்" என்றார். இரண்டு வழி சொன்னார். உத்தரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு அதில் விளக்கை மாட்டலாம். அரைநாள் வேலை. இல்லாவிட்டால் உத்தரத்தை மேலிருந்து கீழ்வரை துளைத்து, கம்பியைக் கீழிருந்து ஏற்றி, மேலே தகடு வைத்து ஆப்பு அறையலாம். அது ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் கூரை ஓடுகளைப் பிரிக்க வேண்டும். மழை தலைக்கு மேல் நிற்கிறது. தைக்குத்தான் முடியும்.

"பட்டை போட்டா எத்தனை நாள் தாங்கும்?" என்று ஜெபசீலன் கேட்டார்.

"ஒரு வருஷத்துக்குப் பழுதில்ல."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு பாத்துக்கிடலாம்."

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே ஜெபசீலனுக்குப் பிடிக்காது. ஒரு வரியை மூன்று தடவை படிக்காமல் அடுத்த வரிக்குப் போகாத மனிதர் அவர். துருப்பிடித்துப் பட்டை அறுந்தால், கீழே பிள்ளை உட்கார்ந்திருந்தால் என்று யோசித்தார். துளைத்தே மாட்டலாம், தைக்கு வாரும் என்று சொல்லி அனுப்பினார். கெசியா அப்போது கோவில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வந்ததும், "தைக்குத்தான் முடியுமாம்" என்று மட்டும் சொன்னார். விளக்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

டிசம்பரில் வேலை அதிகம். பண்டிகைக்கு முன் முடிக்க வேண்டிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன மேசையில் விளக்கை வைத்துக்கொண்டு படிப்பார். அன்று பொழுது அடைந்த நேரம். அடுக்களையிலிருந்து கெசியா கூப்பிட்டாள் என்று எழுந்து போனார். மேசை விளிம்பில் தொங்கிய தாளைச் சாலோமி இழுத்தாள். தாளின் மேல்தான் விளக்கு இருந்தது. அலறல் கேட்டு இருவரும் ஓடிவந்தபோது சீமெண்ணெய் தரையெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சாலோமி இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். அவளுக்கு ஐந்து வயது.

"நான் இன்னொரு நாளைக்கு வாரேன் ஐயா" என்று ஆசாரி எழுந்தார்.

"இல்ல. இன்னைக்கே மாட்டிரும்."

"இப்ப எதுக்கு ஐயா? வீடு இருக்குத இருப்புல…"

"மாட்டிரும்வே!"

அவர் இப்படிக் கத்தி ஆசாரி கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் ஏணியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

ஓடுகளைப் பிரித்ததும் கூடத்தின் நடுவில் வெயில் விழுந்தது. ஆசாரி மேலே உட்கார்ந்து துரப்பணத்தை இழுக்க, ஜெபசீலன் கீழே நின்று துளை சாய்கிறதா என்று பார்த்துச் சொன்னார். பனந்தூள் அவர் தலையிலும் கண்ணிலும் விழுந்தது. துடைக்கவில்லை. கம்பி கீழிருந்து ஏறியது. தகடு உட்கார்ந்தது. ஆசாரி ஆப்பு அறைந்த ஒவ்வோர் அடிக்கும் வீடு அதிர்ந்தது. விளக்கின் சூடு கூரைக்கு ஏறாமலிருக்க ஒரு பித்தளைத் தட்டைக் கொக்கிக்கு மேலே பொருத்தினார்கள். யார் தலையிலும் இடிக்காத உயரத்துக்குச் சங்கிலியை அளந்தார்கள். ஆசாரிக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஜெபசீலனுக்குப் போதவில்லை. மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். அசையவில்லை. இரண்டாவது மூட்டையையும் கட்டச் சொன்னார். அதுவும் நின்றது.

"யானையையே கட்டலாம் ஐயா. போதும்."

மூட்டைகளை அவிழ்த்தபின் ஜெபசீலன் ஏணியில் ஏறினார். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, கால்களை ஏணியிலிருந்து எடுத்துவிட்டார். முழு உடம்பும் தொங்கியது. ஆசாரி பதறிப்போய் அவர் கால்களைப் பிடிக்க வந்தார். "பிடிக்காதேயும்" என்றார். இரும்பு உள்ளங்கையை அறுத்தது. ஆனாலும் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொங்கிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கெசியா அறை வாசலுக்கு வந்தாள். பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அவள் அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தொங்குகிற புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாங்குதா?" என்று கேட்டாள்.

அவர் இறங்கினார். "தாங்குது."

கெசியா ஆசாரியிடம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். மழைக்கு முன்னாடி வந்தீருல்லா? ஒரு கயித்தைக் கட்டியாவது அன்னைக்கே இதைத் தொங்கவிட்டிருந்தா நின்னிருக்காதா?"

ஆசாரி ஜெபசீலனைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "அது வந்து… தாயி, பனை உத்தரம்…" என்று இழுத்தார். அவருக்குப் பொய் வரவில்லை.

"நின்னிருக்கும்" என்றார் ஜெபசீலன். "ஆசாரியார் அன்னைக்கே சொன்னாரு. பட்டை போட்டு மாட்டிருவோம், அரைநாள் வேலைதான்னாரு. நான்தான் வேண்டாம்னேன். ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும்னாரு. எனக்கு அது போதல."

கெசியா அழுவாள், அல்லது ஏசுவாள் என்று அவர் நினைத்தார். அவளோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கணக்குப் போடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வருஷம். அப்ப இந்தப் புரட்டாசி வரைக்கும்." பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆசாரி ஓடுகளை மூடிவிட்டு, சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் கிளம்பினார். வாசலில் நின்று, "நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் ஐயா" என்றார்.

சாயங்காலம் அவரே கிண்ணத்தைப் புழக்கடைக்குக் கொண்டுபோய்ச் சீமெண்ணெய் ஊற்றினார். வெளியே சிந்தியதைத் துடைத்தார். திரியைச் சமமாக வெட்டி, எங்காவது கசிகிறதா என்று பார்த்து, மாட்டி, ஏற்றினார். வெளிச்சம் நான்கு சுவர்வரைக்கும் போயிற்று. அந்தக் கூடம் இதுவரை அப்படித் தெரிந்ததே இல்லை.

கெசியா வந்தாள். விளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பகலிலும் வெளிச்சம் எட்டாத சுவரோரமாக, தீ எரிந்த இடத்தில், சுண்ணாம்புத் தரையில் கருப்பாக ஒரு திட்டு. சின்ன விளக்கின் மங்கலில் இத்தனை நாளும் அதன்மேல் நடந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் அடுக்களைக்குப் போய்ச் செங்கல் தூளும் தேங்காய் நாரும் எடுத்து வந்து, முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கருப்புப் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஜெபசீலன் பக்கத்தில் குனிந்து கையை நீட்டினார். "கொடு, நான் தேய்க்கேன்."

"நீங்க எந்திரிங்க."

"கெசியா…"

"எந்திரிங்கன்னேன்லா. நீங்க செஞ்சா ரொம்ப நாளாகும்."

அவர் எழுந்தார். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. அவள் நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல் தோல் உரிந்து செங்கல் தூளில் ரத்தம் கலந்தபோதும் நிறுத்தவில்லை.

மாசி முதல் வாரத்தில் சாலமோன் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். திருநெல்வேலி ரயிலடி வரைக்கும் ஜெபசீலன் கூடப் போனார். பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம், "கடுதாசி போடு" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் தெரிந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளிடம் அது இல்லை. அயலூர் மனிதர் யாரையோ பார்க்கிற பார்வைதான் இருந்தது.

கடுதாசி சாலமோன் கையெழுத்தில் வந்தது. உடம்புக்குச் சுகம், சாப்பிடுகிறாள், கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தான். சித்திரை முடிந்தது. வைகாசியும் முடிந்தது. அவள் வரவில்லை. ஜெபசீலன் அச்சுக்கூடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். பொழுது அடைந்தால் எந்த விளக்கையும் ஏற்றாமல், இருட்டிலேயே தட்டைத் தடவி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் அந்தக் கருப்புத் திட்டிருந்த சுவரோரமாகவே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்.